பேச்சுவார்த்தை மேசைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

அரபு நாடுகளைப் பற்றி உங்கள் பத்திரிகையில் வரும் செய்திகளை ஒன்று விடாமல் படிக்கிறவர்களில் நானும் ஒருவன். எங்கே குண்டு விழுந்தது, கச்சா எண்ணெய் விலை எவ்வளவு ஏறியது, அங்கே வேலைக்குப் போன நம் ஆட்கள் பத்திரமாக இருக்கிறார்களா என்பதெல்லாம் உடனுக்குடன் வந்துவிடுகிறது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 1990 ஆகஸ்டில் சதாம் உசேனின் படை குவைத்துக்குள் நுழைந்து, லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஜோர்டானின் அம்மான் வழியாக விமானம் ஏறி ஊர் திரும்பிய காலத்தில், பத்திரிகையில் வரும் இரண்டு வரிச் செய்திக்காக எத்தனை வீடுகள் காத்துக் கிடந்தன என்பது அந்தத் தலைமுறைக்குத் தெரியும். ஆனால் போர் ஏன் மூண்டது, பேச்சுவார்த்தை ஏன் முறிந்தது என்று விளக்க வரும் கட்டுரைகளில்தான் எனக்கு மனக்குறை. சுற்றிச் சுற்றி இரண்டே காரணம். ஒன்று, அரபுகள் ஒருநாளும் ஒன்றுசேர மாட்டார்கள். இன்னொன்று, ஷியா, சன்னி பகை ஆயிரத்து நானூறு வருஷப் பகை, அது தீரவே தீராது. லெபனானுக்கும் இதே விளக்கம், இராக்குக்கும் இதே, சிரியாவுக்கும் இதே.

அந்தச் சண்டைகளைத் தீர்த்துவைக்கப் போய், எதிரெதிர் ஆட்களின் நடுவில் உட்கார்ந்து வந்தவர்கள் அப்படிச் சொல்லவில்லை. அவர்களில் மூத்தவர் ஒருவரைப் பற்றித்தான் இந்தக் கடிதம். லக்தர் பிராஹிமி, அல்ஜீரியர், 1934-ல் பிறந்தவர். ஐ.நா. செய்திகளைக் கவனிக்கிறவர்களுக்குப் பெயர் பரிச்சயமாக இருக்கும், மற்றவர்களுக்கு இருக்காது, ஏனென்றால் நம் பத்திரிகைகளில் அவர் பெயர் எப்போதும் ஐந்தாவது பத்தியில்தான் வந்திருக்கிறது.

அவர் எங்கிருந்து தொடங்கினார் என்பதை முதலில் பார்க்க வேண்டும், அது தெரியாமல் பின்னால் அவர் சொன்னது எதுவும் விளங்காது. 1956-ல் அல்ஜீரிய மாணவர்கள் பிரெஞ்சு ஆட்சிக்கு எதிராக வகுப்புகளைப் புறக்கணித்தபோது பாரிஸில் படித்துக்கொண்டிருந்த இளைஞர் இவர், படிப்பை விட்டுவிட்டு விடுதலை முன்னணியில் சேர்ந்தார். முன்னணி அவரை ஜகார்த்தாவுக்கு அனுப்பியது. 1961 வரை தென்கிழக்கு ஆசியாவில், இன்னும் பிறக்காத ஒரு நாட்டின் தூதராக இருந்தார். அந்த நாள்களில் பிரான்ஸ் அதைப் போர் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. சட்டம் ஒழுங்கைக் காக்கும் நடவடிக்கை என்றுதான் சொன்னது. அது போர்தான் என்று பிரெஞ்சு நாடாளுமன்றம் சட்டப்படி ஏற்றுக்கொண்டது 1999-ல். விடுதலை முன்னணி குற்றவாளிக் கூட்டம், அவர்களோடு பேச என்ன இருக்கிறது என்று வருஷக்கணக்கில் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, லட்சக்கணக்கான உயிர்கள் போன பிறகு 1962 மார்ச்சில் எவியானில் அதே கூட்டத்தோடுதான் உட்கார்ந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. ஆக, பேசத் தகுதியற்றவர் என்று கதவுக்கு வெளியே நிறுத்தப்பட்டவராகத்தான் பிராஹிமி ராஜதந்திரத்துக்குள் வந்தார். எதிரியோடு பேசாமல் யாரோடு பேசுவது என்ற அவருடைய பிடிவாதம் அங்கிருந்து வந்தது என்றுதான் நான் நினைக்கிறேன்.

பிறகு எகிப்திலும் பிரிட்டனிலும் தூதர், அரபு லீக்கில் துணைப் பொதுச்செயலாளர். இதையெல்லாம் வேகமாகத் தாண்டி 1989-க்கு வருகிறேன்.

லெபனான் உள்நாட்டுப் போர் 1975-ல் தொடங்கியது. பதினான்கு வருஷம் கழித்து, சவுதி அரேபியாவின் தாயிஃப் நகரத்துக்கு லெபனான் நாடாளுமன்ற உறுப்பினர்களை அழைத்துப் போனார்கள். அவர்கள் 1972 தேர்தலில் வென்றவர்கள். அதன்பிறகு நாட்டில் தேர்தலே நடக்கவில்லை, அதனால் உயிரோடு மிஞ்சியிருந்த அந்தப் பழைய உறுப்பினர்கள்தான் நாட்டின் சட்டப்படியான குரல். சவுதி, மொராக்கோ, அல்ஜீரியா மூன்றும் சேர்ந்து நடத்திய முயற்சி அது, அரபு லீக்கின் தூதராக ஓடியாடியவர் பிராஹிமி. மூன்று வாரம் பேசினார்கள். நாடாளுமன்றத்தில் கிறிஸ்தவர்களுக்கு ஆறு, முஸ்லிம்களுக்கு ஐந்து என்றிருந்த விகிதத்தைச் சரிபாதியாக்கினார்கள். மரோனைட் கிறிஸ்தவரான அதிபரின் அதிகாரத்தைக் குறைத்து, சன்னி பிரதமர் தலைமையிலான அமைச்சரவைக்குக் கொடுத்தார்கள். 1989 அக்டோபர் 22-ல் உடன்பாடு. நவம்பர் 5-ல் ரெனே முவவாத் அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பதினேழாவது நாள், நவம்பர் 22, லெபனானின் சுதந்திர தினம், அன்று பெய்ரூட்டில் குண்டு வெடித்து அவர் இறந்தார். இருந்தும் உடன்பாடு நின்றது. ராணுவத் தளபதி மிஷல் அவுன் ஏற்க மறுத்து, ஏற்கெனவே உட்கார்ந்திருந்த அதிபர் மாளிகையை விட்டு வெளியேறாததும், 1990 அக்டோபரில் சிரியப் படை அவரை அங்கிருந்து துரத்தியதும், துப்பாக்கிச் சத்தம் ஓய்ந்ததும் பிறகு நடந்தவை.

இதில் யோசிக்க வேண்டிய விஷயம் இருக்கிறது. மதப் பகைதான் காரணம், அது தீராதது என்றால், 1990-க்குப் பிறகு அது எங்கே போனது? அதே ஊர், அதே மக்கள், அதே மசூதி, அதே தேவாலயம். பங்கு சரியில்லை என்று நினைத்தவனுக்குப் பங்கு கிடைத்ததும், பின்னால் நின்று ஆயுதம் கொடுத்த நாடுகள் போதும் என்று சொன்னதும் சண்டை நின்றுவிட்டது. மற்றபடி தாயிஃப் தூய்மையான உடன்பாடு என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டு வருஷத்துக்குள் பெக்கா பள்ளத்தாக்குப் பக்கம் பின்வாங்க வேண்டிய சிரியப் படை, முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரீரி கொல்லப்பட்டு மக்கள் தெருவுக்கு வந்த பிறகு, 2005 ஏப்ரலில்தான் நாட்டை விட்டுப் போனது. மதவாரி ஒதுக்கீட்டைப் படிப்படியாக ஒழிப்போம் என்று எழுதியிருந்ததை யாரும் தொடவேயில்லை. 1991-ல் பொதுமன்னிப்புச் சட்டம் வந்து, ஆயுதக் குழுத் தலைவர்கள் அமைச்சர் நாற்காலியில் அமர்ந்தார்கள். காணாமல்போனவர்கள் பதினேழாயிரம் பேர் என்று கணக்குச் சொல்கிறார்கள், அவர்களுடைய தாய்மார்கள் பெய்ரூட்டில் புகைப்படத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள், அவர்களுக்குப் பதில் சொல்ல தாயிஃபில் ஒரு வரிகூட எழுதப்படவில்லை. சமாதானத்தின் விலையை யார் தலையில் கட்டினார்கள் என்பதும் நம் கட்டுரைகளில் வர வேண்டிய செய்திதான்.

ஆப்கானிஸ்தான் அரபு நாடு இல்லை, ஆனாலும் அதைத் தொடாமல் போக முடியாது, பிராஹிமி தன்னையே குறை சொல்லிக்கொண்ட இடம் அது. 2001 டிசம்பர் 5-ல் ஜெர்மனியின் பான் நகரில் நான்கு ஆப்கன் தரப்புகளை உட்காரவைத்து இடைக்கால அரசுக்கு வழி செய்தவர் அவர்தான். தாலிபான்கள் அழைக்கப்படவில்லை. தோற்று ஓடிக்கொண்டிருந்தார்கள், அமெரிக்கா அவர்கள் பெயரைக் கேட்கவே தயாராக இல்லை, வந்திருந்தவர்களும் ஏற்றிருக்க மாட்டார்கள். பின்னாளில் பிராஹிமியே அதை முதல் பாவம் என்று வெளிப்படையாகச் சொன்னார். பானில் முடியாவிட்டாலும், அதற்குப் பிறகாவது உடனே அவர்களை அணுகியிருக்க வேண்டும் என்பது அவர் கருத்து. கடைசியில் 2020 பிப்ரவரியில் தோஹாவில் அமெரிக்காவே அவர்களோடு ஒப்பந்தம் போட்டது, 2021 ஆகஸ்டு 15-ல் அவர்கள் காபூலில் இருந்தார்கள். இடையில் இருபது வருஷம். ஐ.நா.வின் மூத்த அதிகாரி ஒருவர், தான் கட்டிய உடன்பாட்டின் அஸ்திவாரத்திலேயே ஓட்டை இருந்தது என்று தன் வாயால் சொல்வது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

அப்புறம் இராக்.

2003 மே மாதம், அமெரிக்க ஆக்கிரமிப்பு நிர்வாகியாக பாக்தாத் வந்திறங்கிய பால் பிரெமர், முதல் ஆணையில் சதாமின் பாத் கட்சியின் மேல்மட்ட உறுப்பினர்களை அரசு வேலையிலிருந்து நீக்கினார், இரண்டாம் ஆணையில் ராணுவத்தையே கலைத்தார். சம்பளமும் கௌரவமும் போன லட்சக்கணக்கான ஆண்கள், ஆயுதம் பிடிக்கத் தெரிந்தவர்கள், ஒரே வாரத்தில் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஜூலையில் 25 பேர் கொண்ட ஆட்சிக் குழுவை நியமித்தார்கள். அதில் ஷியா 13, சன்னி அரபு 5, குர்து 5, துர்க்மென் 1, அசிரியக் கிறிஸ்தவர் 1. மக்கள்தொகையை மதவாரியாக எண்ணி நாற்காலி பிரித்த வேலை இது. இராக்கில் அதற்கு முன் ஷியா, சன்னி பிளவே இல்லை என்று சொன்னால் அது பொய், சதாம் ஆட்சியில் ஷியாக்களும் குர்துகளும் பட்ட பாடு கொஞ்சநஞ்சம் இல்லை. ஆனால் அரசாங்கத்தின் அடித்தளமாகவே மதவாரிப் பங்கை எழுதிவைத்தது 2003-ல் நடந்தது, அதைச் செய்தவர்கள் யார் என்பதற்குப் பெயரும் தேதியும் இருக்கிறது. நம் கட்டுரையாளர்கள் அதைத் தாண்டி நேரே ஏழாம் நூற்றாண்டின் கர்பலா போருக்குப் போய்விடுகிறார்கள்.

2004 பிப்ரவரியில் ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அனான் பிராஹிமியை பாக்தாத்துக்கு அனுப்பினார். அதற்கு ஆறு மாதம் முன்புதான், 2003 ஆகஸ்டு 19-ல், அங்கே ஐ.நா. அலுவலகம் இருந்த கனால் ஹோட்டலில் லாரிக் குண்டு வெடித்து ஐ.நா.வின் இராக் தூதர் செர்ஜியோ வியேரா டி மெலோவும் சக ஊழியர்களும் இறந்திருந்தார்கள், அந்தச் சூழ்நிலையில் போகிறார். நஜஃபில் இராக் ஷியாக்களின் மூத்த மதகுரு ஆயத்துல்லா சிஸ்தானியைப் பார்த்தார். சிஸ்தானி பிரெமரை ஒருமுறைகூடச் சந்திக்கச் சம்மதிக்கவில்லை, இவரைச் சந்தித்தார். தேர்தல் வேண்டும் என்று சிஸ்தானி கேட்பது நியாயம், ஆனால் அமெரிக்கா ஆட்சியை ஒப்படைக்கக் குறித்திருந்த ஜூன் 30-க்குள் நடத்த முடியாது, தயாராக நேரம் வேண்டும் என்று இவர் சொன்னதை அவரும் கேட்டுக்கொண்டார். ஏப்ரலில் ஐ.நா. பாதுகாப்புச் சபையில், பாத் கட்சி உறுப்பினர் என்ற ஒரே காரணத்துக்காக ஆயிரக்கணக்கான ஆசிரியர்களையும் பேராசிரியர்களையும் மருத்துவர்களையும் வேலைநீக்கம் செய்ததை இராக்கியர்களால் புரிந்துகொள்ள முடியவில்லை என்று பேசினார். கட்சி சார்பில்லாத நிபுணர்கள் கொண்ட அரசு ஒன்றை அமைத்துத் தேர்தல் வரைக்கும் ஓட்டலாம் என்பது அவர் திட்டம். நடந்தது வேறு. ஆட்சிக் குழுவும் அமெரிக்கர்களுமாகச் சேர்ந்து அயத் அல்லாவியைப் பிரதமராக்கினார்கள். செய்தியாளர்கள் கேட்டபோது பிராஹிமி மழுப்பவில்லை. பிரெமர்தான் இராக்கின் சர்வாதிகாரி, பணமும் அவரிடம், கையெழுத்தும் அவரிடம் என்றார். பக்கத்து அறையில் அமெரிக்கப் படை இருக்கும் நகரத்தில் நின்றுகொண்டு ஒரு ஐ.நா. தூதர் சொன்னது இது.

2005 ஜனவரியில் தேர்தல் நடந்தது, சன்னி அரபுகளில் பெரும்பாலோர் வாக்களிக்கப் போகவில்லை. மேசைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர்கள், அரசியல் சட்டம் எழுதும் சபைக்கும் வெளியே நின்றார்கள். 2014 ஜூன் 10-ல் மோசூல் நகரம் ஐ.எஸ். கையில் விழுந்தபோது உலகமே திடுக்கிட்டது. கலைக்கப்பட்ட ராணுவத்தின் அதிகாரிகள் அந்த அமைப்பின் படைப்பிரிவுகளை நடத்தினார்கள் என்பது இன்று எல்லாருக்கும் தெரிந்த செய்தி.

சிரியாவுக்கு வருகிறேன், மனம் கனக்கும் பகுதி இதுதான், கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2012 ஆகஸ்டில், கோஃபி அனான் கைவிட்ட சிரிய சமாதானத் தூதர் பொறுப்பை பிராஹிமி ஏற்றார். ஐ.நா., அரபு லீக் இரண்டுக்கும் சேர்த்துத் தூதர். பொறுப்பேற்ற உடனே, சிரிய அதிபர் அசாத் போக வேண்டுமா என்று கேட்டார்கள், இப்போதே சொல்ல முடியாது என்றார், எதிர்க்கட்சி அணி மன்னிப்புக் கேட்கச் சொன்னது. சில மாதம் கழித்து, ஒரே குடும்பம் நாற்பது வருஷம் ஆண்டது கொஞ்சம் அதிகம் என்று மக்கள் நினைக்கிறார்கள் என்றார், டமாஸ்கஸ் அவரை அப்பட்டமான ஒருதலைப்பட்சம் என்று திட்டியது. அக்டோபரில் ஹஜ் பெருநாளுக்கு நான்கு நாள் போர்நிறுத்தம் கேட்டு வாங்கினார், முதல் நாளே கார் குண்டு வெடித்துக் கலைந்தது. டிசம்பர் கடைசியில் மாஸ்கோவில், அரசியல் தீர்வு இல்லையென்றால் மிஞ்சுவது நரகம்தான் என்று எச்சரித்தார்.

2014 ஜனவரி 22, சுவிட்சர்லாந்தின் மோன்த்ரூ நகரம், ஜெனீவா இரண்டாம் மாநாடு. அழைப்புப் பட்டியலைக் கொஞ்சம் பாருங்கள். ஜனவரி 19-ல் ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கி மூன் ஈரானை அழைக்கிறார். எதிர்க்கட்சிக் கூட்டணி வரமாட்டோம் என்கிறது, அமெரிக்காவும் சவுதியும் எதிர்க்கின்றன, மறுநாளே அழைப்பு வாபஸ். அசாத் அரசுக்குப் பணமும் ஆளும் அனுப்பிக்கொண்டிருந்த நாடு மாநாட்டில் இல்லை. சிரியக் குர்துகளின் முக்கியக் கட்சி இல்லை, மாநாட்டுக்கு முந்தின நாள் அவர்கள் வடக்கில் தங்களுக்கென்று தனி நிர்வாகம் அறிவித்துவிட்டார்கள். களத்தில் சண்டை போட்ட ஆயுதக் குழுக்களில் பெரும்பாலானவை இல்லை. எதிர்க்கட்சிக் கூட்டணியிலேயே ஒரு பெரிய அணி, போகக்கூடாது என்று விலகிக்கொண்டது. சரி, வந்தவர்கள் என்ன செய்தார்கள்? சிரிய வெளியுறவு அமைச்சர் வாலித் முவல்லிம் தனக்குக் கொடுத்த நேரத்தைத் தாண்டிப் பேசிக்கொண்டே போனார். பான் கி மூன் மணியடித்து, முடித்துக்கொள்ளுங்கள் என்றார். நீங்கள் நியூயார்க்கில் இருக்கிறீர்கள், நான் சிரியாவில் இருக்கிறேன், இங்கே உண்மையைச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது என்று பதில் சொல்லிவிட்டுத் தொடர்ந்து பேசினார்.

அதன்பிறகு ஜெனீவாவில், ஒரே அறைக்குள் இரண்டு தரப்பும் வெவ்வேறு கதவு வழியாக வந்து எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. அந்தப் பக்கத்துக்குச் சொல்ல வேண்டியதை பிராஹிமியைப் பார்த்துச் சொன்னார்கள், இந்தப் பக்கத்துப் பதிலும் பிராஹிமியைப் பார்த்தே வந்தது. நடுவில் எண்பது வயது மனிதர். முதல் சுற்றில் இரண்டு தரப்பும் சேர்ந்து செய்த ஒரே காரியம், ஜனவரி 30 அன்று செத்துப்போனவர்களுக்காக எழுந்து நின்று ஒரு நிமிஷம் மௌனம் காத்ததுதான். இடைக்கால ஆட்சி பற்றி முதலில் பேச வேண்டும் என்றது எதிரணி, பயங்கரவாதம் பற்றிப் பேசி முடித்த பிறகுதான் மற்றது என்றது அரசு. இரண்டையும் ஒருநாள் விட்டு ஒருநாள் பேசுவோமே என்று பிராஹிமி கேட்டதற்குக்கூட அரசுத் தரப்பு இறங்கி வரவில்லை. நடந்த ஒரே நல்ல காரியம் ஹோம்ஸ் நகரத்தில். ஒன்றரை வருஷத்துக்கும் மேலாக முற்றுகைக்குள் கிடந்த பழைய நகரத்திலிருந்து பிப்ரவரி 7-ம் தேதி முதல் ஆயிரத்துக்கும் மேற்பட்டோரை ஐ.நா. வண்டிகளில் வெளியே கொண்டுவந்தார்கள். இலைதழையைத் தின்று உயிர் பிழைத்திருந்தவர்கள், எலும்பும் தோலுமாக வந்தார்கள், அந்த வண்டிகள் மீதும் குண்டு விழுந்தது.

பிப்ரவரி 15, பேச்சு முறிந்தது. பிராஹிமி செய்தியாளர்கள் முன்னால் வந்து, சிரிய மக்கள் இங்கே ஏதாவது நடக்கும் என்று பெரிய நம்பிக்கை வைத்திருந்தார்கள், மிகவும் வருந்துகிறேன், அவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன் என்றார். மே மாதம் பதவியை விட்டார். அந்தப் போரில் பீப்பாய்க் குண்டு போட்டவர்கள் மன்னிப்புக் கேட்கவில்லை, ஆயுதம் விற்றவர்கள் கேட்கவில்லை, பாதுகாப்புச் சபையில் திரும்பத் திரும்ப வீட்டோ போட்டவர்கள் கேட்கவில்லை. ஒருவரையும் கொல்லாத மனிதர் கேட்டார். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பதவியை விட்ட பிறகு அவர் கொடுத்த பேட்டிகளில் திரும்பத் திரும்ப வந்தது இதுதான்: ஒவ்வொரு நாட்டுக்கும் சிரியாவில் ஒரு கணக்கு இருந்தது, சிரிய மக்களின் நலன் யாருடைய முதல் கணக்கிலும் இல்லை. அசாத் ஒரு வருஷத்துக்குள் விழுந்துவிடுவார் என்று மேற்கு நாடுகளும் வளைகுடா நாடுகளும் நம்பியது தப்புக்கணக்கு, நிலவரத்தைச் சரியாகப் படித்தது ரஷ்யாதான் என்றும் சொன்னார். அதைச் சொன்னதற்காக அவரை ரஷ்யாவின் ஆள் என்றவர்கள் உண்டு, எனக்கு அதில் உடன்பாடில்லை, ஒருவர் நிலவரத்தைச் சரியாகக் கணித்தார் என்பதும் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது என்பதும் வேறு வேறு. 2013 மார்ச்சில் தோஹா உச்சிமாநாட்டில் அரபு லீக் சிரியாவின் நாற்காலியை எதிர்க்கட்சிக்குக் கொடுத்ததும் அவருக்குப் பிடிக்கவில்லை, ஒரு தரப்பை வெளியே தள்ளிவிட்டு இரண்டு தரப்புக்கும் நடுவர் என்று எப்படிச் சொல்லிக்கொள்வது? பத்து வருஷம் கழித்து, 2023 மேயில் ஜெத்தாவில், அதே நாற்காலியில் அதே அசாத்தை உட்காரவைத்தார்கள். ஒன்றரை வருஷத்தில், 2024 டிசம்பர் 8, அசாத் மாஸ்கோவுக்கு ஓடினார். டமாஸ்கஸுக்குள் வந்தவர்கள், ஜெனீவா மேசைக்கு ஒருபோதும் அழைக்கப்படாத, ஐ.நா.வின் பயங்கரவாதப் பட்டியலில் இருந்த அமைப்பினர். அவர்களை 2014-ல் அழைத்திருக்க வேண்டும் என்று நான் வாதாடவில்லை. ஜெனீவாவில் உட்கார்ந்திருந்த யாருமே கடைசியில் அந்த நாட்டின் தலைவிதியைத் தீர்மானிக்கவில்லை என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

அரபுகள் ஒன்றுசேர மாட்டார்கள் என்ற இன்னொரு விளக்கத்தையும் பார்த்துவிடுவோம். ஒன்றுசேர்ந்த இடம் உண்டே. 2002 மார்ச் 28-ல் பெய்ரூட்டில் அரபு லீக் ஒரு திட்டத்தை ஏற்றது. 1967-ல் பிடித்த நிலத்தை இஸ்ரேல் விட்டுப் போகட்டும், பாலஸ்தீன நாடு அமையட்டும், அகதிகள் பிரச்சினைக்கு ஒப்புக்கொள்ளத்தக்க தீர்வு வரட்டும், பதிலுக்கு எல்லா அரபு நாடுகளும் இஸ்ரேலோடு இயல்பான உறவு வைத்துக்கொள்ளும். அப்போது சவுதி பட்டத்து இளவரசராக இருந்த அப்துல்லா கொண்டுவந்தது. அதற்கு முந்தின நாள்தான் நெதன்யாவில் பாஸ்கா விருந்து நடந்த ஹோட்டலில் ஹமாஸ் தற்கொலைக் குண்டுவெடிப்பு, திட்டம் ஏற்கப்பட்ட மறுநாள் இஸ்ரேல் படை மேற்குக் கரை நகரங்களுக்குள் நுழைந்தது, ரமல்லாவில் முற்றுகைக்குள் இருந்த பாலஸ்தீனத் தலைவர் அராஃபத் அந்த மாநாட்டுக்கு வரவே முடியவில்லை. திட்டம் காகிதத்தோடு நின்றது. லீக் பலவீனமான அமைப்பு என்பதும் உண்மைதான், அதன் சாசனத்தின் ஏழாவது பிரிவுப்படி பெரும்பான்மையில் எடுத்த முடிவு அதை ஏற்ற நாடுகளை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று எழுதப்பட்டது. 1945-ல் அப்படி எழுதியவர்கள் அரசர்களும் பிரதமர்களும். அதை அரபு ரத்தத்தின் குணம் என்று எழுதுவது எந்த ஊர் நியாயம்?

பாலஸ்தீனம் பற்றி பிராஹிமியின் பேச்சு ஒருநாளும் மாறவில்லை. 2004 ஏப்ரலில், இராக் வேலையின் நடுவிலேயே, பிரெஞ்சு வானொலியில், இஸ்ரேலின் ஆதிக்கக் கொள்கையும் பாலஸ்தீனர்கள் படும் துன்பமும்தான் இந்தப் பிராந்தியத்தின் பெரிய விஷம் என்றார். இஸ்ரேல் கோபப்பட்டது, அது அவருடைய சொந்தக் கருத்து என்று ஐ.நா. ஒதுங்கிக்கொண்டது. 2006 ஜனவரி தேர்தலில் 132 இடங்களில் 74-ஐ ஹமாஸ் வென்றபோது, தேர்தல் நடத்தச் சொன்ன அதே நாடுகள் முடிவை ஏற்காமல் உதவியை நிறுத்தின. பிராஹிமி பிறகு மண்டேலா தொடங்கிய மூத்தோர் குழுவில் சேர்ந்து, காசா முற்றுகையை நீக்க வேண்டும் என்றும், எல்லாத் தரப்போடும் பேச வேண்டும் என்றும் சொல்லிவந்தார். 2023 அக்டோபர் 7-ல் ஹமாஸ் செய்த படுகொலையையும் அதற்குப் பிறகு காசாவில் பல்லாயிரம் குழந்தைகளும் பெண்களும் கொல்லப்பட்டதையும் பார்த்த நமக்கு, பாலஸ்தீனர்களை ஓரமாக வைத்துவிட்டு 2020-ல் வெள்ளை மாளிகைப் புல்வெளியில் சில அரபு நாடுகள் இஸ்ரேலோடு கையெழுத்திட்ட ஆபிரகாம் உடன்பாடுகளைச் சமாதானம் என்று கொண்டாடிய தலையங்கங்கள் ஞாபகம் வர வேண்டும்.

பிராஹிமியைக் குறையே இல்லாதவராகக் காட்டுவது என் நோக்கம் இல்லை. 1991 டிசம்பரில் அல்ஜீரியாவில் தேர்தலின் முதல் சுற்றில் இஸ்லாமிய மீட்பு முன்னணி பெருவெற்றி பெற்றது. 1992 ஜனவரியில் ராணுவம் இரண்டாம் சுற்றை நிறுத்தியது, மார்ச்சில் கட்சியும் தடை செய்யப்பட்டது. வென்றவர்களை வெளியே நிறுத்தியதன் விலை, பத்து வருஷ உள்நாட்டுப் போரும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களும். அப்போது அந்த அரசின் வெளியுறவு அமைச்சர் லக்தர் பிராஹிமி. ஊர் ஊராகப் போய் எல்லாரையும் உட்காரவையுங்கள் என்று சொன்னவர், சொந்த நாட்டில் அது நடக்காதபோது பதவியில் இருந்தார். 2019 மார்ச்சில் அல்ஜீரிய அதிபர் பூத்தஃப்லிக்காவுக்கு எதிராக இளைஞர்கள் வெள்ளிக்கிழமைதோறும் தெருவை நிறைத்தபோது, தேசிய மாநாடு கூட்டலாம் என்று அதிபர் தரப்பு முன்வைத்த யோசனையில் இவர் பெயர் அடிபட்டது. தெருவில் நின்றவர்கள் ஏற்கவில்லை, பழைய ஆட்சியின் பழைய ஆள் என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருந்தது. இதையும் சேர்த்து எழுதினால்தான் அவரைப் பற்றி எழுதியதாக ஆகும்.

கொலைகாரர்களோடு எப்படி ஒரே மேசையில் உட்காருவது என்று கேட்பவர்கள் உண்டு. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் அப்படிக் கேட்டால் பதில் சொல்ல யாருக்கும் வாய் வராது. ஆனால் ஆயுதம் விற்கும் நாட்டின் அமைச்சர் அதே கேள்வியைக் கேட்டால் நம்பக் கூடாது என்பது என் எண்ணம், அவர் கேட்பது போர் இன்னும் ஓட வேண்டும் என்பதற்காகவும் இருக்கலாம். ஐ.நா. அமைதிப் படைகளைப் பற்றி 2000-ல் பிராஹிமி தலைமையில் ஒரு குழு அறிக்கை கொடுத்தது. ருவாண்டாவிலும் ஸ்ரெப்ரெனிட்சாவிலும் ஐ.நா. கைகட்டி நின்ற பிறகு எழுதப்பட்டது. பாதுகாப்புச் சபை எதைக் கேட்க விரும்புகிறதோ அதைச் சொல்லாதீர்கள், எதைத் தெரிந்துகொள்ள வேண்டுமோ அதைச் சொல்லுங்கள் என்று செயலகத்துக்கு அதில் அறிவுரை. பத்திரிகைக்கும் அது பொருந்தும் என்று நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஆசிரியர் அவர்களே, கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. அடுத்த முறை தோஹாவிலோ கெய்ரோவிலோ ஜெனீவாவிலோ பேச்சுவார்த்தை என்று செய்தி வரும்போது, பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். யார் யார் அழைக்கப்பட்டார்கள், யார் அழைக்கப்படவில்லை, வேண்டாம் என்று தடுத்தது யார், எந்தத் தரப்புக்கு எந்த நாடு பணமும் ஆயுதமும் கொடுக்கிறது, அவ்வளவுதான். கூடவே, மேற்கத்திய செய்தி நிறுவனங்களின் நிபுணர்களை மட்டும் மொழிபெயர்த்துப் போடாமல், பிராஹிமி, எகிப்தின் அம்ர் மூசா, ஜோர்டானின் மர்வான் முவாஷர் போல அந்த அறைகளுக்குள் இருந்த அரபு ராஜதந்திரிகள் எழுதுவதையும் பேசுவதையும் தமிழில் கொடுங்கள். அவர்கள் சொல்வதை நாங்கள் எல்லாரும் ஏற்றுக்கொள்வோம் என்றில்லை, எதிர்த்துக் கடிதம் எழுதவும் ஆட்கள் இருப்பார்கள், அந்தக் கடிதங்களையும் போடுங்கள். வளைகுடாவில் பிள்ளைகளை வைத்திருக்கும் குடும்பங்கள் உங்கள் வாசகர்களில் நிறையப் பேர், அவர்களாவது கட்டாயம் படிப்பார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்